சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த அந்த 18 பேர்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரை ரொம்ப வருஷமா படிக்கிறவ நான், ஆனா இதுவரைக்கும் ஒரு வரி கூட எழுதிப் போட்டதில்ல, குறுக்கெழுத்துப் போட்டிக்குக் கூட அனுப்பினதில்ல. போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில பக்கத்துப் பக்கத்துல ரெண்டு லெட்டர் போட்டிருந்தீங்க, அதைப் படிச்சதுல இருந்து மனசு ஒரு நிலையில இல்ல. ஒருத்தர் எழுதியிருந்தார், பூகம்பத்துலயும் வெள்ளத்துலயும் பச்சப்புள்ளைங்க சாகுற உலகத்துல கடவுள்னு ஒருத்தர் இருக்கவே முடியாது, இருந்தாலும் அவர் கும்பிடுற அளவுக்கு நல்லவர் இல்லன்னு. இன்னொருத்தர் எங்க ஆளு, கிறிஸ்தவர், பேரழிவெல்லாம் ஜனங்க பாவத்துக்கு கர்த்தர் குடுக்குற தண்டனை, மனந்திரும்பலைன்னா இன்னும் வரும்னு எழுதியிருந்தார். முதல் லெட்டரைப் படிச்சப்போ எனக்குக் கோபம் வரல. ரெண்டாவதைப் படிச்சப்போதான் வந்துச்சு. அதான் உட்கார்ந்துட்டேன் எழுத.

கொஞ்சம் நீளமா போகும். வெட்டணும்னா வெட்டிக்கோங்க, ஆனா ஹைத்தி பத்தி எழுதுற இடத்துல மட்டும் கத்திரி போடாதீங்க.

நான் வேதாகமக் கல்லூரியில படிச்சவ இல்ல. 31 வருஷம் நர்ஸா வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ, அதுல பாதிக்கு மேல குழந்தைங்க வார்டு. பைபிள் படிச்சதெல்லாம் பெரும்பாலும் நைட் டியூட்டியில, டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கிட்டே.

ரெண்டாவது லெட்டர் எழுதின பிரதருக்கு ஒரே ஒரு இடத்தை எடுத்துக் காட்டணும். லூக்கா 13-ம் அதிகாரம். எருசலேம்ல சீலோவாம்ங்கிற இடத்துல ஒரு கோபுரம் இடிஞ்சு விழுந்து 18 பேர் செத்திருக்காங்க. அந்தக் காலத்துல அது பெரிய நியூஸா இருந்திருக்கும், ஊரே பேசியிருக்கும், என்ன பேசியிருக்கும்னு நமக்கே தெரியும், ஏதோ பண்ணியிருக்காங்கப்பா, சும்மாவா விழும்னு. இயேசு அதை அவராவே எடுத்துக் கேக்குறார், எருசலேம்ல குடியிருந்த மத்த எல்லாரையும் விட இவங்கதான் பெரிய குற்றவாளிங்கன்னு நினைக்கிறீங்களான்னு. இல்லைன்னு பதிலையும் அவரே சொல்லிடுறார். அதே மூச்சுல மனந்திரும்புங்கன்னும் சொல்றார், நான் மறைக்கல. ஆனா யாரைப் பார்த்து சொல்றார்? இடிபாட்டுக்குள்ள கிடந்தவங்களைப் பார்த்தா? வெளிய பத்திரமா நின்னுக்கிட்டு, செத்தவன் கணக்குல எவ்வளவு பாவம்னு கூட்டிப் பார்த்துட்டு இருந்தவங்களைப் பார்த்து. பிரதர், அந்த வசனம் உங்களையும் என்னையும் பார்த்து சொன்னது.

இந்தப் பாவக் கணக்குப் போடுற பழக்கம் நேத்து வந்தது இல்ல. 1755 நவம்பர் 1-ம் தேதி போர்ச்சுகல்ல லிஸ்பன் நகரத்துல பெரிய பூகம்பம். அன்னிக்கு சகல பரிசுத்தவான்கள் திருநாள், காலை நேரம், சர்ச்சுல எல்லாம் கூட்டம், ஆல்டர் முழுக்க மெழுகுவர்த்தி. கட்டடம் விழுந்துச்சு, அந்த மெழுகுவர்த்தியிலயும் வீட்டு அடுப்புலயும் இருந்து நெருப்பு பிடிச்சு நாள் கணக்கா எரிஞ்சுச்சு, தப்பிச்சு ஆத்தங்கரைக்கு ஓடினவங்களைக் கொஞ்ச நேரத்துல கடலலை வந்து அடிச்சுட்டுப் போச்சு. மூணு வகையிலயும் பல்லாயிரம் பேர். இதுல கவனிக்க வேண்டியது, ஜெபம் பண்ணிட்டு இருந்தவன் தலையிலதான் முதல்ல கூரை விழுந்திருக்கு. தண்டனைன்னா இது என்ன மாதிரி தண்டனை, கோவிலுக்கு வந்ததுக்கா?

அப்போ கப்ரியேல் மலாக்ரிடான்னு ஒரு இயேசு சபை குரு, ஜனங்க மத்தியில பெரிய செல்வாக்கு உள்ளவர், அடுத்த வருஷம் ஒரு சின்ன புத்தகமே போட்டார். வால்நட்சத்திரமும் இல்ல, பூமிக்குள்ள இருக்குற வாயுவும் இல்ல, லிஸ்பனே, உன்னை இடிச்சது உன் பாவம்தான்னு. நம்ம பிரதர் லெட்டரும் கிட்டத்தட்ட அதேதான், 270 வருஷம் கழிச்சு. அதே நேரத்துல அங்க மந்திரியா இருந்தவர், பின்னாடி பொம்பால் பிரபுன்னு பட்டம் வாங்கினவர், நாட்டுல இருக்குற பங்குகளுக்கெல்லாம், அதாவது ஊர் ஊருக்கு இருந்த சர்ச்சுக்கெல்லாம், ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். எத்தனை நிமிஷம் ஆடுச்சு, திரும்பத் திரும்ப எத்தனை தடவை ஆடுச்சு, கடல் முதல்ல உள்வாங்குச்சா மேல ஏறுச்சா, எத்தனை பேர் செத்தாங்கன்னு. பூகம்பத்தை அறிவியலா ஆராயுறது அங்கதான் ஆரம்பிச்சதுன்னு இன்னிக்கும் சொல்றாங்க. அதுக்கு உட்கார்ந்து பதில் எழுதினது யாருன்னு நினைக்கிறீங்க? ஊர் ஊரா இருந்த பங்குச் சாமியார்கள். இடிஞ்ச கோவிலுக்குப் பக்கத்துல உட்கார்ந்து, ஆடுச்சு இவ்வளவு நேரம், கிணத்துத் தண்ணி இப்படி மாறுச்சுன்னு ஒவ்வொண்ணா எழுதி அனுப்பியிருக்காங்க. மலாக்ரிடா பேரு சரித்திரத்துல இருக்கு, இவங்கள்ல முக்கால்வாசி பேரோட பேரு யாருக்கும் தெரியாது. ஆனா எனக்கு என்னமோ இவங்கதான் கடவுளுக்குக் கிட்டத்துல நின்ன மாதிரி படுது.

இப்போ ஹைத்தி, கரீபியன் கடல்ல இருக்குற ஏழை நாடு. 2010 ஜனவரி 12, 7.0 அளவுல பூகம்பம். எத்தனை பேர் செத்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் சரியான கணக்கு இல்ல, ஒரு லட்சத்துல இருந்து மூணு லட்சம் வரைக்கும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பொணத்தை எடுத்து முடிக்கறதுக்குள்ள அமெரிக்காவுல ஒரு டிவி பிரசங்கியார், அந்த நாட்டுக்காரங்க முன்னோர் பிசாசு கூட ஒப்பந்தம் போட்டாங்க, அதான் சாபம்னு சொல்லிட்டார். சரி, ஆறு வாரம் கழிச்சு பிப்ரவரி 27-ம் தேதி சிலியில பூகம்பம், 8.8. வெளிய வந்த சக்தி ஹைத்தியை விட சுமார் 500 மடங்கு. செத்தவங்க? 500 சொச்சம். ஹைத்திக்காரனை விட சிலிக்காரன் அத்தனை மடங்கு பரிசுத்தவானா? சிலியில 1960-ல 9.5-னு ஒண்ணு வந்துச்சு, இதுவரைக்கும் உலகத்துல அளந்ததுலயே பெருசு அதுதான், அதுல அடிபட்டு புத்தி வந்து கட்டட விதியை இறுக்கிப் பிடிச்சாங்க, கம்பியும் சிமெண்டும் சரியா போட்டாங்க. ஹைத்தியில அதுக்கெல்லாம் வழி இல்ல. ஏன் இல்ல? அந்த நாட்டு ஜனங்க அடிமையா இருந்து, சண்டை போட்டு, 1804-ல சுதந்திரம் வாங்கினவங்க. 1825-ல பிரான்ஸ் போர்க்கப்பலை அனுப்பி, எங்க முதலாளிங்களுக்கு நஷ்டம் ஆயிடுச்சு, அதுக்கு 15 கோடி பிராங்க் குடுத்தாதான் உங்களை தனி நாடுன்னு ஒத்துப்போம்னு மிரட்டி கையெழுத்து வாங்குச்சு. நஷ்டம்னா என்ன, இவங்களேதான், இவங்க உடம்புதான். அந்தத் தொகை பின்னாடி குறைஞ்சாலும், அதைக் கட்ட வாங்கின கடனை 1947 வரைக்கும் அடைச்சிருக்காங்க. பாவம்தான் காரணம்னு சொல்லணும்னு ஒருத்தருக்கு அவ்வளவு ஆசையா இருந்தா சொல்லட்டும், ஆனா யாரோட பாவம்னு சரியா சொல்லட்டும். பைபிள்ல ஆமோஸ், ஏசாயா, மீகான்னு அத்தனை தீர்க்கதரிசிகளும் கத்தினது ஏழையை நசுக்கினவனைப் பார்த்துத்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமியும் அப்படித்தான். கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை, ஆராதனை நேரம். இந்துமாக்கடல் சுத்தி ரெண்டேகால் லட்சம் பேருக்கு மேல. கடலுக்கு அடியில பாறைத்தட்டு நகர்ந்ததுக்கு எந்த மனுஷனும் பொறுப்பு இல்ல, ஒத்துக்கறேன். ஆனா பசிபிக் கடல்ல 1949-லேயே எச்சரிக்கை மையம் வந்துடுச்சு, இந்துமாக்கடல்ல அப்போ ஒண்ணும் இல்ல. அலை பல கரைகளுக்கு வந்து சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அந்த ரெண்டு மணி நேரமும் ஜனங்க கரையில நின்னுட்டு இருந்தாங்க. பூகம்பம் வந்த இடத்துக்கு ரொம்பப் பக்கத்துல சிமெலூன்னு ஒரு இந்தோனேசியத் தீவு, 78,000 பேர் இருந்த இடத்துல 7 பேர்தான் செத்தாங்க. 1907-ல அங்க ஒரு தடவை கடல் வந்து அடிச்சப்போ தப்பிச்ச தாத்தா பாட்டிங்க அதை ஸ்மோங்னு பேர் வச்சு பாட்டாவும் கதையாவும் பேரப் புள்ளைங்களுக்கு சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க, நிலம் பலமா ஆடி கடல் உள்வாங்கினா கேள்வி கேக்காம மேட்டுக்கு ஓடுன்னு. ஓடினாங்க. கடவுள் எங்க இருந்தார்னு கேக்குறவங்களுக்கு, ஒரு வேளை அந்தப் பாட்டிங்க வாயில இருந்திருப்பார்னு சொல்லலாம்னு எனக்கு சில நேரம் தோணும். ஆனா அப்படிச் சொன்னா பாட்டி இல்லாத மத்த கரைக்காரங்க கதி என்னன்னு உடனே அடுத்த கேள்வி வந்து நிக்கும், அதனால வாயை மூடிக்கறேன்.

இன்சூரன்ஸ்காரங்க இதுக்கெல்லாம் ஆக்ட் ஆஃப் காட், அதாவது கடவுளோட செயல்னு ஒரு பேர் வச்சிருக்காங்க. பணம் குடுக்க மாட்டேன்னு சொல்றப்போ மட்டும் எல்லாருக்கும் கடவுள் ஞாபகம் வந்துடுது.

சரி, எல்லாத்தையும் மனுஷன் தலையில கட்டிட்டு கடவுளைப் பின்வாசல் வழியா அனுப்பி வைக்கப் பார்க்கிறேன்னு முதல் லெட்டர் எழுதினவர் நினைப்பார். இல்ல சார். உங்க கேள்வி பழைய கேள்வி, நல்ல கேள்வி. தடுக்க மனசு இருந்தும் முடியலைன்னா அவருக்கு சக்தி இல்ல, முடிஞ்சும் மனசு இல்லைன்னா அவர் கெட்டவர், ரெண்டும் இருந்தா தீமை எங்க இருந்து வந்துச்சு. பழைய கிரேக்க நாட்டுத் தத்துவஞானி எபிகூரஸ் கேட்டதா சொல்லுவாங்க. இதை இன்னிக்கு வரைக்கும் காப்பாத்தி வச்சது யாருன்னா லாக்டான்ஷியஸ்னு ஒரு பழைய கிறிஸ்தவ எழுத்தாளர்தான், அவர் எழுத்துலதான் இந்தக் கேள்வி அந்த உருவத்துல நமக்குக் கிடைச்சிருக்கு. கேள்வியைப் பார்த்து எங்காளுங்க பயந்து ஒளிச்சு வைக்கல, அதுக்காக சொன்னேன்.

எங்க பக்கத்துல இருந்து வழக்கமா சொல்ற பதில் சிலது இருக்கு. அன்பு செய்யணும்னா சுதந்திரம் வேணும், சுதந்திரம் இருந்தா கெடுதல் பண்ணவும் முடியும்ங்கிறது ஒண்ணு, அகஸ்டின்ங்கிற பழைய காலத்து பிஷப் நாள்ல இருந்து சொல்றது. யுத்தம், கொலை, கொள்ளைக்கெல்லாம் இது ஓரளவுக்கு சரியா வரும். இயற்கைக்கு ஒரு ஒழுங்கு இருந்தாதான் உயிர் வாழ முடியும், அதே ஒழுங்கு சில நேரம் நம்மளை நசுக்கும்ங்கிறது இன்னொண்ணு. பாறைத்தட்டு நகர்றதாலதான் மலை எழும்புது, பூமிக்குள்ள போற கார்பன் எரிமலை வழியா திரும்பக் காத்துக்கு வருது, அது நின்னுபோன பூமியில நாம இருந்திருப்போமான்னே சந்தேகம். மூணாவதா, வலியே ஒரு காவல்காரன்ங்கிற பேச்சு. இதை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். டாக்டர் பால் பிராண்ட் தொழுநோய்க்காரங்க கிட்ட கண்டுபிடிச்சது அதுதான், விரல் அழுகி விழறது நோயால மட்டும் இல்ல, நரம்பு செத்து வலி தெரியாம போறதால, சூடான பாத்திரத்தைத் தூக்குறான், ஆணி மேல நடக்கிறான், அவனுக்குத் தெரியல. வலி இல்லாம இருக்கறது வரம்னு நினைச்சா, அவங்க கையைப் பார்த்தவங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க. நான் பார்த்திருக்கேன்.

இந்த மூணு பதிலும் பொய் இல்ல. ஆனா இது பகல்ல, நாற்காலியில சாஞ்சு உட்கார்ந்து பேசுறப்போ நல்லா இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு வார்டுல வேலைக்கு ஆகாது.

ஒரு புள்ளையைப் பத்தி சொல்றேன். பேரு, ஊரு ஒண்ணும் சொல்ல மாட்டேன், ரொம்ப வருஷம் ஆச்சு. மூணு வயசு ஆகல. அவங்க அப்பா பிறந்தநாளுக்கு ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவுல எல்லார் கண்ணும் சிவப்பா விழுந்திருக்கு, இவனுக்கு மட்டும் ஒரு கண்ணுல வெள்ளையா, பூனைக்கண்ணு மாதிரி. போட்டோ கடைக்காரன் தப்புன்னு நினைச்சு ஆல்பத்துல ஒட்டி வச்சுட்டாங்க. எங்ககிட்ட வர்றப்போ ரெண்டு கண்ணுலயும் இருந்துச்சு. ரெட்டினோபிளாஸ்டோமா, சின்னப் புள்ளைங்களுக்கு விழித்திரையில வர்ற கேன்சர். சீக்கிரம் பார்த்துட்டா பெரும்பாலும் உயிரைக் காப்பாத்திடலாம், இவனுக்கு லேட் ஆயிடுச்சு. ஒரு கண்ணை எடுத்தாச்சு. டாக்டர் பெத்தவங்களை உட்கார வச்சு, இது ஜீன்ல வர்ற கோளாறு, சில பேருக்கு அப்பா அம்மாகிட்ட இருந்து வரும், சில பேருக்கு தானா வரும்னு பொறுமையா சொன்னார். அந்த அப்பா ரொம்ப நேரம் கழிச்சு என்கிட்ட தனியா வந்து கேட்டார், சிஸ்டர், அப்போ இது என்கிட்ட இருந்து வந்துச்சா, அவகிட்ட இருந்து வந்துச்சா.

எனக்கு முதுகு சிலிர்த்துப்போச்சு. யோவான் 9-ம் அதிகாரம் அப்படியே. பிறவிக் குருடனைப் பார்த்து சீஷர்கள் கேட்ட கேள்வி, ரபீ, இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ. ரெண்டாயிரம் வருஷம் ஆகியும் கேள்வி மாறல, பாவம்ங்கிற இடத்துல ஜீன்னு வந்திருக்கு. இயேசு ரெண்டும் இல்லைன்னுட்டார். தேவனுடைய கிரியை இவன்கிட்ட வெளிப்படறதுக்குன்னு சொல்லிட்டு, உட்கார்ந்து வியாக்கியானம் பண்ணல, தரையில துப்பி சேறு குழைச்சு அவன் கண்ணுல தடவினார். எங்க புள்ளைக்கு அப்படி ஒண்ணும் நடக்கல. நாங்களும் ஜெபம் பண்ணோம், நடக்கல.

அவன் போன அன்னிக்கு நான் பண்ண காரியத்தை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்த அம்மா சுவத்துல சாஞ்சு தரையில உட்கார்ந்திருந்தாங்க. நான் பக்கத்துல போய், பழக்க தோஷம்தான், கர்த்தர் கொடுத்தார் கர்த்தர் எடுத்தார் அம்மா, தேவ சித்தம்னு சொன்னேன். அவங்க நிமிர்ந்து பார்த்து, சத்தமே போடாம, உங்க புள்ளையா இருந்தா இதைச் சொல்வீங்களான்னு கேட்டாங்க. அதுக்கு மேல நான் அங்க நிக்கல, மருந்து எடுக்கப் போற மாதிரி போயிட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு திரும்பி வந்து பார்த்தா, எங்க வார்டு ஆயா, டியூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போக வேண்டியவங்க, அந்த அம்மாவுக்குப் பின்னாடி சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு உடைஞ்ச சீப்பால அவங்க தலைமுடியில சிக்கு எடுத்துட்டு இருந்தாங்க. நாலு நாளா வாராத முடி. ஒரு வார்த்தை பேசல. நுனியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா, வலிக்காம, முடியைக் கையில சுத்திப் பிடிச்சுக்கிட்டு. அந்த அம்மா அப்போதான் அழ ஆரம்பிச்சாங்க. அந்த ஆயா எந்த சாமியைக் கும்பிடுறவங்கன்னு நான் கேட்டதும் இல்ல, கேக்கணும்னு தோணவும் இல்ல.

அன்னிக்கு ராத்திரி பைபிள்ல யோபு புஸ்தகத்தை, ஒரு தப்பும் பண்ணாம சொத்தையும் புள்ளைங்களையும் பறிகொடுத்தவர் கதையை, முதல்ல இருந்து திரும்பப் படிச்சேன். நான் சொன்ன வசனம் முதல் அதிகாரத்துல இருக்கு, 21-ம் வசனம். அதை யோபு தன்னைப் பத்தி, தன் வாயால சொல்லிக்கிட்டார். வேற ஒருத்தர் வந்து அவர்கிட்ட சொல்லல! பறிகொடுத்தவன் சொன்னா அது விசுவாசம், பக்கத்துல நின்னவ சொன்னா அது வேற என்னமோ. அதே யோபு மூணாம் அதிகாரத்துல தான் பிறந்த நாளையே சபிக்கிறார், அதை எந்த துக்க வீட்டுலயும் யாரும் வாசிச்சு நான் கேட்டதில்ல. அவரோட சிநேகிதங்க மூணு பேரு, எலிப்பாஸ், பில்தாத், சோப்பார், அவங்களை நாம ரொம்பத் திட்டுறோம், ஆனா வந்த புதுசுல அவங்க நல்லாத்தான் இருந்தாங்க, ஏழு நாள் ராத்திரி பகலா அவர் கூட தரையில உட்கார்ந்திருந்தாங்க, துக்கம் ரொம்பப் பெருசுன்னு பார்த்து ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. வாயைத் திறந்ததுலதான் வினையே. நீ என்ன பாவம் பண்ணேன்னு யோசி, உன் புள்ளைங்க என்ன பண்ணாங்களோன்னு 30 அதிகாரத்துக்கு மேல வழக்கு ஓடுது. கடைசியில கடவுள் யார் மேல கோபப்பட்டார்? கேள்வி கேட்டு, கத்தி, கோர்ட்டுக்கு வாங்கன்னு கடவுளையே கூப்பிட்ட யோபு மேல இல்ல. கடவுளுக்காக வக்காலத்து வாங்கின இந்த மூணு பேர் மேல. என் தாசனாகிய யோபு பேசின மாதிரி நீங்க என்னைக் குறிச்சு சரியா பேசலைன்னு 42-ம் அதிகாரத்துல நேரடியா சொல்லிட்டு, அவன்கிட்ட போங்க, அவன் உங்களுக்காக ஜெபம் பண்ணட்டும்கிறார். எனக்கு விழுந்த அடி அது.

யோபுக்கு கடவுள் குடுத்த பதிலும் எனக்கு முழுசா திருப்தி இல்ல, இதை எழுதினா எங்க பாஸ்டர் என்ன நினைப்பாரோ தெரியல. பத்துப் புள்ளைங்களைப் பறிகொடுத்தவன்கிட்ட வந்து, நான் பூமிக்கு அஸ்திபாரம் போட்டப்போ நீ எங்க இருந்த, தீக்குருவியைப் பாரு, காட்டுக்கழுதையைப் பாருன்னா என்ன பண்றது. ஏன்னு கேட்டதுக்கு அங்க காரணமே வரல. ஆனா வந்தார் பாருங்க, அதுதான் விஷயம் போல, யோபுக்கு அது போதுமா இருந்திருக்கு. முடிவுல ஆடு மாடு ஒட்டகம் எல்லாம் ரெண்டு மடங்கா திரும்பக் கிடைக்குது, 7,000 ஆடு 14,000 ஆகுது. புள்ளைங்க மட்டும் ரெண்டு மடங்கு இல்ல, அதே பத்து. இதுக்கு ஒரு பழைய விளக்கம் உண்டு, ஆடு செத்தா போச்சு, புள்ளைங்க கடவுள்கிட்ட தொலைஞ்சு போகல, அதனால முதல் பத்தும் கணக்குல இருக்கு, ஆக இருபதுன்னு. இதை நம்புறதா வேண்டாமாங்கிறதை ஒவ்வொருத்தரும் அவங்க அவங்க துக்கத்துல முடிவு பண்ணிக்கட்டும். நான் நம்புறேன். யார்கிட்டயும் போய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஏன் இன்னும் கிறிஸ்தவளா இருக்கேன்னு முதல் லெட்டர்காரர் கேக்கலாம். வாதத்துல ஜெயிச்சதால இல்ல சார். எங்க சாமி சிலுவையில தொங்கிட்டு, என் தேவனே என் தேவனே ஏன் என்னைக் கைவிட்டீர்னு கேட்டவர். நீங்க லெட்டர்ல கேட்ட அதே ஏன். அது பைபிள் ஜெபப் பாட்டுகள்ல 22-ம் சங்கீதத்தோட முதல் வரி, சின்ன வயசுல இருந்து மனப்பாடமா வந்திருக்கும், சாகுற நேரத்துல அதுதான் வாயில வந்திருக்கு. அந்த ஏனுக்கு வானத்துல இருந்து அன்னிக்கு ஒரு சத்தமும் வரல. மகனுக்கே வரலைன்னா எனக்கு உடனே வரணும்னு நான் சண்டை போட முடியாது, ஆனா கேக்குறது தப்புன்னும் யாரும் என்னைச் சொல்ல முடியாது. இயேசுவோட சிநேகிதன் லாசரு செத்தப்போ பாருங்க, கொஞ்ச நேரத்துல எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் கல்லறைக்குப் போற வழியில நின்னு அழுதிருக்கார். இயேசு கண்ணீர் விட்டார்னு யோவான் 11-ல ஒரே வரி. எழுப்பப் போறவருக்கு எதுக்கு அழுகை? லாசருவோட சகோதரி மரியாள்கிட்ட, ரெண்டு நிமிஷம் பொறு, எல்லாம் சரியாயிடும்னு சொல்லியிருக்கலாம் இல்ல. சொல்லல. அவர் வந்ததே லேட், நாலு நாள் ஆயிடுச்சு, நீர் இங்க இருந்திருந்தா என் சகோதரன் செத்திருக்க மாட்டான்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க, அதுக்கு அவர் கோபப்படவும் இல்ல. உயிர்த்தெழுந்த பிறகும் கையில ஆணித்தழும்பு அப்படியேதான் இருந்துச்சு, நம்பாம சந்தேகப்பட்ட சீஷன் தோமாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சாவையே ஜெயிச்சவருக்கு ஒரு தழும்பை ஆத்திக்கத் தெரியாதா? வச்சுக்கிட்டார். அந்தத் தழும்பைத்தான் நான் பிடிச்சுட்டு இருக்கேன், காரணத்தை இல்ல.

இன்னொண்ணு, துக்கத்துல கத்துறது அவிசுவாசம்னு எங்க சபைகள்ல ஒரு நினைப்பு வந்துடுச்சு. சாட்சி சொல்ற நேரம்னா அற்புதம் நடந்தவங்க மட்டும் மைக்கைப் பிடிக்கிறாங்க, நடக்காதவங்க பின் பெஞ்ச்சுல உட்கார்ந்துட்டு ஆராதனை முடியறதுக்கு முன்னாடியே செருப்பை மாட்டிட்டுப் போயிடுறாங்க. எத்தனை பேரை நான் பார்த்திருக்கேன். ஆனா சங்கீதப் புஸ்தகத்தை எடுத்துப் பாருங்க, கர்த்தாவே எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்னு 13-ம் சங்கீதம். 88-ம் சங்கீதம் இன்னும் மோசம், ஆரம்பத்துல என் இரட்சிப்பின் தேவனேன்னு கூப்பிட்டதோட சரி, அப்புறம் கடைசி வரி வரைக்கும் ஒரு நம்பிக்கை வார்த்தை இல்லாம, சிநேகிதன் எல்லாம் தூரமா போயிட்டான், எல்லாரும் மறைஞ்சுட்டாங்கன்னு முடியுது. அதை யாரும் வெட்டி எடுக்கல, பரிசுத்த வேதாகமத்துக்குள்ளதான் இருக்கு.

பழைய கிறிஸ்தவங்க இதுல நம்மளை விடத் தெளிவா இருந்திருக்காங்க. மூணாம் நூற்றாண்டுல ரோம சாம்ராஜ்யம் முழுக்க ஒரு கொள்ளைநோய் வந்துச்சு. அலெக்சாந்திரியாவுல பிஷப்பா இருந்த தியோனீசியஸ் எழுதின கடிதம் இன்னும் இருக்கு. நம்ம சகோதரர்கள் ஒருத்தரை ஒருத்தர் விட்டுட்டு ஓடல, நோயாளியைத் தொட்டுக் கழுவி, செத்தவங்க கண்ணை மூடி, தோள்ல தூக்கிட்டுப் போனாங்க, அப்படியே அவங்களும் செத்தாங்கன்னு எழுதியிருக்கார். நர்ஸா அந்தக் கடிதத்தைப் படிக்கிறப்போ எனக்கு ஒண்ணுதான் தோணுச்சு, கிளவுஸ் கூட இல்லாம பண்ணியிருக்காங்க.

இப்போ உங்களுக்கு ரெண்டு வேண்டுகோள், ஆசிரியர் ஐயா. அடுத்த தடவை எங்கயாவது வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தா, வரத்தான் செய்யும், முதல் பக்கத்துல இயற்கையின் கோரத் தாண்டவம், ஆண்டவனின் கோபமான்னு கொட்டை எழுத்துல போடாதீங்க. அந்தக் கட்டடத்துக்கு கையெழுத்துப் போட்டது யாரு, எச்சரிக்கை எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை மணிக்கு ஜனங்க காதுக்குப் போச்சுன்னு போடுங்க, பொம்பால் கேள்வித்தாள் மாதிரி. ரெண்டாவது, தண்டனைன்னு எழுதி வர்ற லெட்டரை, எங்க ஆளுங்க லெட்டரா இருந்தாலும் சரி, பொணத்தை எடுத்து முடிக்கிற வரைக்குமாவது கிடப்புல போடுங்க. அந்தப் பேப்பரை அந்த வீட்டுலயும் யாரோ படிப்பாங்க.

அந்த அம்மாவை அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். ஏழெட்டு வருஷம் கழிச்சு, ஓ.பி. வாசல்ல, தங்கச்சி பிரசவத்துக்குக் கூட வந்திருந்தாங்க. நான் மன்னிப்புக் கேக்கணும்னு வாயெடுத்தேன். அவங்களுக்கு நான் சொன்னது ஞாபகமே இல்ல, இல்ல ஞாபகம் இல்லாத மாதிரி காட்டிக்கிட்டாங்களோ என்னமோ. அவங்க என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். சிஸ்டர், அந்த ஆயா இப்பவும் இங்கதான் இருக்காங்களா?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தி
(பேர் போட வேண்டாம்)